நாலு கிலோ தோல்

ஆப்பரேஷனுக்கு முன்னால் அவர் இரண்டு பொய் சொன்னார். ஒன்று டாக்டரிடம், மற்றது கூட வேலை செய்பவரிடம். முதல் பொய் ஒரே மாதத்தில் பிடிபட்டது. இரண்டாவது பிடிபட நாளாயிற்று.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தோரு வருட சர்வீஸ். கம்பெனியில் அவருக்கு 'ரெண்டுபேர்' என்று பெயர். லிஃப்டுக்குள் ஒரு தகடு ஒட்டியிருக்கும் இல்லையா, எட்டு பேர், ஐந்நூற்று நாற்பத்து நான்கு கிலோ என்று? வகுத்தால் தலைக்கு அறுபத்தெட்டு. அவர் நூற்று முப்பத்தொன்பது இருந்தார். ஒரு நாள் யாரோ மனக்கணக்குப் போட்டு, "இவர் ஏறினா ரெண்டு பேர்னு எழுதிக்கணும்ப்பா" என்றார்கள். அன்றே ஒட்டிக்கொண்டது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தார். சிரிக்காவிட்டால் இதைவிட மோசமாக ஒன்று வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அந்த உடம்போடு ஒரு நாள் மெஷின் ரூம் திறப்பில் மாட்டிக்கொண்டார். மொட்டை மாடிக்கு அடியில் இரும்பு ஏணி, அதன் உச்சியில் ஒரு சதுரத் திறப்பு. தோள் போயிற்று, நெஞ்சு போயிற்று, வயிறு போகவில்லை. மேலே இருந்த ஜோடிக்காரர் அவருடைய இரண்டு அக்குளிலும் கை கொடுத்து இழுத்த இழுப்பில், சட்டைப் பொத்தான்கள் அத்தனையும் ஏழு மாடி கீழே போய் விழுந்தன. மறுநாளிலிருந்து அவரை ஆபீசில் புகார் டெலிபோனுக்கு மாற்றிவிட்டார்கள். "மூணாவது மாடியில நிக்குது சார்", "கதவு மூட மாட்டேங்குது சார்" என்று காலையிலிருந்து மாலை வரை கேட்டு எழுத வேண்டும். கையில் கிரீஸ் ஒட்டாத வேலை. அவருக்கு அது தண்டனையாக இருந்தது.

அந்த ரோஷத்தில்தான் இளைக்க ஆரம்பித்தார். நடந்தார். மனைவி அளந்து வைத்ததை மட்டும் சாப்பிட்டார். முதல் பத்து கிலோ சடசடவென்று இறங்கியது, நடுவில் ஐந்து மாதம் ஒரு கிராம் கூட அசையவில்லை, பிறகு மறுபடி இறங்கியது. இரண்டு வருடம் எட்டு மாதத்தில் எண்பதுக்கு வந்து நின்றார். டெலிபோனை வைத்துவிட்டுப் பழைய வேலைக்கே திரும்பினார்.

உடம்பு போயிற்று, தோல் போகவில்லை. காற்று இறங்கிய பலூன் மாதிரி வயிற்றைச் சுற்றித் தொங்கியது. முன்பக்கம் தொடை வரைக்கும் மடிப்பாக விழும். அதைச் சுருட்டி பேண்ட்டுக்குள் திணித்து, மேலே அகலமான துணி பெல்ட் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போவார். வெயில் நாட்களில் மடிப்புக்கு அடியில் புண். பவுடர் போட்டால் சேறாகும், களிம்பு போட்டால் வழுக்கும். ஒரு மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்கிற அவர் மனைவியே, "எங்க கடையில இருக்கிற எல்லா டியூபும் தீர்ந்துபோச்சுங்க. இனிமே புதுசா யாராவது கண்டுபிடிச்சாத்தான் உண்டு" என்று சொல்லிவிட்டாள்.

கடைசியில் ஒரு நாள், லிஃப்ட் குழிக்குள் குப்புறப் படுத்துக் கையை நீட்டி வேலை செய்துகொண்டிருந்தபோது பெல்ட் அவிழ்ந்து, பிதுங்கிய தோல், லிஃப்ட் ஏறி இறங்குகிற தண்டவாளத்தைப் பிடித்திருந்த இரும்புத் தகட்டின் விளிம்பில் சிக்கியது. சிக்கியது தெரியாமல் எழுந்தார். ஏழு தையல். தையல் போட்ட நர்ஸ், "இது வெறும் தோல்தான் சார். வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? இதை எடுக்கிறதுக்குன்னே டாக்டர் இருக்காங்க" என்றாள். 'வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க' என்பது வீடு வரைக்கும் அவர் காதில் கேட்டுக்கொண்டே வந்தது.

பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் ஒரு அம்மாள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். அவரை நிற்க வைத்து, உட்கார வைத்து, குனிய வைத்து, துணிக்கடையில் துணியைப் பிடித்துப் பார்ப்பது போல் மடிப்பைப் பிடித்துப் பார்த்தார்.

"இடுப்பைச் சுத்தி எடுக்கணும். முன்னாடி, ரெண்டு பக்கம், கொஞ்சம் பின்னாடியும். நாலு மணி நேரம் ஆகும். எடை ஆறு மாசமா ஏறாம இறங்காம இருக்கா?"

"எட்டு மாசமா எண்பதுதான் டாக்டர்."

"நல்லது. சிகரெட்?"

"அதெல்லாம் விட்டாச்சு."

இதுதான் முதல் பொய். மெஷின் ரூமில் காலையில் ஒன்று, மதியம் ஒன்று, கிளம்பும்போது ஒன்று. சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்த மனுஷனுக்கு அந்த மூன்றும்தான் மிச்சம் இருந்த சுகம்.

டாக்டர் அவர் முகத்தைப் பார்க்காமலே எழுதிக்கொண்டு சொன்னார். "ஏன் கேக்கிறேன்னா, நாங்க ரெண்டு பக்கத் தோலையும் இழுத்துத் தைக்கிறோம். தைச்ச ஓரத்துக்கு ரத்தம் வர்ற குழாயெல்லாம் நூல் மாதிரி. சிகரெட் அதைச் சுருக்கிடும். ரத்தம் வரலைன்னா ஓரம் கறுத்து அப்படியே செத்துப்போகும். அதனால குறைஞ்சது ஆறு வாரம் ஒண்ணு கூடக் கூடாது. ஆறு வாரம் கழிச்சுத் தேதி போடலாம்."

தொப்புள் என்னவாகும் என்று அவர் கேட்டார். கேட்கத்தான் வெட்கமாக இருந்தது.

"அது இருக்கிற இடத்துலயே இருக்கும். மேல தோலை இழுத்துப் போத்தி, அதுக்கு நேரா ஓட்டை போட்டு வெளிய எடுத்துத் தைப்போம்."

சுவரில் புதுத் தகடு அடித்து லிஃப்ட் பட்டனுக்கு ஓட்டை போடுகிற மாதிரி என்று அவருக்குப் புரிந்தது. அது புரிந்ததும் பாதி பயம் போய்விட்டது.

இரண்டாவது பொய்யை அடுத்த வாரமே சொன்னார். லீவு எழுதிக் கொடுத்த அன்று ஜோடிக்காரர் காரணம் கேட்டார். லிஃப்ட் வேலைக்கு எப்போதும் இரண்டிரண்டு பேராகத்தான் போவார்கள். டெலிபோனில் இருந்த காலம் போக, இவருக்குப் பதினொரு வருடமாக ஜோடி ஒரே ஆள்தான், நாலு வயது மூத்தவர். எதைத் தொடுவதற்கு முன்பும் "மெயின் ஆஃபா?" என்று கத்துவார் என்பதால் அவருக்கு 'மெயினாஃப்' என்றே பெயர். மெயின் சுவிட்சை அணைத்தாயிற்று என்று மெஷின் ரூமிலிருந்து ஒரு குரல் வந்தால்தான் கீழே இருப்பவர் கையை உள்ளே விடுவார்.

"எதுக்கு ரெண்டு மாசம் லீவு?" என்றார் மெயினாஃப்.

அழகுக்குச் செய்துகொள்கிற ஆப்பரேஷன் என்று கம்பெனி முழுக்கச் சிரிப்பார்கள். 'ரெண்டுபேர்' போய் 'ஹீரோயின்' என்று வைப்பார்கள். இதெல்லாம் ஒரு நொடியில் கண் முன்னால் ஓடியது. "குடலிறக்கம்ண்ணே" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மெயினாஃபின் முகமே மாறிவிட்டது. அவருக்கு இரண்டு வருடத்துக்கு முன் அதே ஆப்பரேஷன் நடந்திருந்தது. "ஏண்டா, இதை முன்னாடியே சொல்றதில்லையா? இவ்வளவு நாளா வெயிட்டு தூக்கிக்கிட்டு அலையிறியே, குடல் சிக்கிக்கிச்சுன்னா என்ன ஆகிறது?" என்று கையிலிருந்த டூல் பெட்டியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். அன்றிலிருந்து இரண்டு பேருடைய பெட்டியையும் அவரே தூக்கினார். கம்பிக் கயிற்றுச் சுருளை அவரே தோளில் போட்டுக்கொண்டார். இவர் எதையாவது தொட்டால் அதட்டினார்.

ஆப்பரேஷனுக்குப் பதினான்கு நாள் இருக்கும்போது ஆஸ்பத்திரியில் சிறுநீர் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். சர்க்கரைக்கு என்று நினைத்து இவரும் தைரியமாகக் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் டாக்டரே கூப்பிட்டார். மனைவியும் கூட வந்திருந்தாள்.

"சிகரெட் பிடிக்கிறீங்க."

"இல்லையே டாக்டர்."

"நான் கேக்கல. சொல்றேன். சோதனையில தெரிஞ்சிடும்." டாக்டர் காகிதத்தைத் திருப்பி வைத்தார். "தேதியை ரத்து பண்ணிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி சோதனை. அதுல சுத்தமா இருந்தா வாங்க. இல்லைன்னா வேற டாக்டரைப் பாருங்க. எனக்கு உங்க மேல கோபம் ஒண்ணும் இல்ல. கறுத்துப்போன தோலை வெட்டி எடுக்கிறது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்."

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும், "எத்தனை?" என்றாள் மனைவி.

"மூணு."

"எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியாதா? சட்டையைத் துவைக்கிறது யாரு?"

"பின்ன ஏன் நீ சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்களா? டாக்டர் சொன்னா நிறுத்துவீங்கன்னு நெனச்சேன். அவங்ககிட்டயே காதுல பூ சுத்தப் பாத்திருக்கீங்க."

சிகரெட் ஆசை அடங்கத் தோலில் ஒட்டிக்கொள்கிற பட்டை உண்டே, கடையிலிருந்து கொண்டுவர முடியுமா என்று கேட்டார். அதிலும் அதே நிகோட்டின்தான் இருக்கிறது, சோதனையில் அதுவும் தெரியும் என்றாள். ஆகவே எந்தத் துணையும் இல்லாமல் வெறும் வாயோடு விட வேண்டியதாயிற்று. முதல் பத்து நாள் மெஷின் ரூமில் நிற்கவே முடியவில்லை. சோம்பும் ஏலக்காயும் மென்று மென்று நாக்கு மரத்துப்போனது. எரிந்து விழுந்தார். மெயினாஃப் அதையும் குடலிறக்கத்தின் கணக்கில் எழுதினார். "வலி இருந்தா அப்படித்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார். "ஆனா குடலிறக்கத்தைப் போய் எதுக்கு ரெண்டு மாசம் தள்ளிப் போடுறானுங்க? வேற டாக்டரைப் பாப்போமா?" என்று கவலைப்பட்டார். ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று வேண்டியிருந்தது. சர்க்கரை ஏறியிருக்கிறது என்றார் இவர். அடுத்த நாள் முதல் மெயினாஃப் தேநீரில் சர்க்கரை போடாமல் வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தார். இரண்டு மாதமும் அவர் இரண்டு பெட்டி தூக்கினார். ஒரு நாள் ஐந்தாவது மாடிப் படியில் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றதை இவர் பார்த்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டாவது சோதனை சுத்தமாக வந்தது.

வீட்டில் மனைவி எல்லாம் தயார் செய்தாள். பின்னால் சாய்கிற நாற்காலி ஒன்றை இரவல் வாங்கி வந்தாள், நேராகப் படுக்க முடியாது என்பதால். முன்பக்கம் பொத்தான் வைத்த தொளதொளச் சட்டை ஆறு. தண்ணீர் பாட்டில், மாத்திரை, டெலிபோன் சார்ஜர் எல்லாம் இடுப்பு உயரத்தில், குனியாமல் எட்டும்படி. அவளுக்கு நான்கு நாள்தான் லீவு கிடைத்தது. ஐந்தாம் நாளிலிருந்து அவள் அம்மா வந்து இருப்பதாக ஏற்பாடு. இதைக் கேட்டதும்தான் அவருக்கு உண்மையாகவே பயம் வந்தது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் மாமியார் முன்னால் அவர் பனியனோடு கூட நின்றதில்லை.

ஆப்பரேஷன் அன்று காலையில் டாக்டர் ஊதா நிற மார்க்கர் பேனாவால் உடம்பெல்லாம் கோடு போட்டார். நிற்க வைத்துத்தான் போட வேண்டுமாம், படுத்தால் தோல் இடம் மாறிவிடுமாம். குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றார். "இன்னைக்கு ஏதாவது பொய் இருக்கா?" என்று டாக்டர் கோடு போட்டபடியே கேட்டார். "உங்ககிட்ட இல்ல" என்றார் இவர்.

கண் விழித்தபோது முழங்கால் மடக்கி, முதுகு நிமிர்த்தி, மடித்துப் போட்ட நாற்காலி மாதிரி கிடந்தார். வயிற்றில் யாரோ இறுக்கிக் கயிறு கட்டியது போல் இருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு ரப்பர் குழாய், ஒவ்வொன்றின் நுனியிலும் கையடக்கமாக ஒரு பிளாஸ்டிக் குடுவை, அதில் சிவப்பாகத் தண்ணீர்.

"எவ்வளவு எடுத்தாங்க?" என்று முதலில் கேட்டார்.

"நாலு கிலோ இருநூறாம்" என்றாள் மனைவி.

அவருக்குச் சப்பென்று போய்விட்டது. இத்தனை நாள் சுருட்டிக் கட்டித் தூக்கித் திரிந்தது வெறும் நாலு கிலோவா? பதினைந்து கிலோவாவது இருக்கும் என்று நினைத்திருந்தார்.

அன்று சாயங்காலமே நடக்க வைத்தார்கள். நிமிரவே முடியவில்லை. கீழே விழுந்த நட்டைத் தேடுகிறவர் போல் தரையைப் பார்த்தபடி பத்தடி போய்ப் பத்தடி வந்தார். மூன்றாம் நாள் வீடு. இறுக்கமான மீள் துணிச் சட்டை ஒன்று, மார்பிலிருந்து தொடை வரை, ஆறு வாரம் கழற்றக் கூடாது. தும்மல் வந்தால் உயிர் போயிற்று. சிரித்தால் அதைவிட.

ஐந்தாம் நாள் மாமியார் ஒரு பையோடு வந்து இறங்கினார். அந்த அம்மாள் முப்பது வருடம் கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஓடுகிற பட்டையில் வருகிற பாட்டில்களில் கீறல், குமிழ், கோணல் இருப்பதைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கி எறிகிற வேலை. வந்ததும் கையைக் கழுவினார், கையுறை மாட்டினார், "எங்க மாப்பிள்ளை, காட்டுங்க" என்றார்.

"அவ வந்து பாத்துக்குவா அத்தை."

"அவ வர ஆறு மணி ஆகும். டாக்டர் காலையில எட்டு, சாயங்காலம் எட்டுன்னு எழுதியிருக்காங்க. இப்ப மணி எட்டு."

அவர் கண்ணை மூடிக்கொண்டு சட்டையைத் தூக்கினார். மாமியார் குடுவைகளின் மூடியைத் திறந்து அளவுக் கோப்பையில் ஊற்றி, கோப்பையை ஜன்னல் பக்கம் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். "முப்பத்தி மூணு மில்லி."

"முப்பத்தஞ்சு போட்டுக்கலாம் அத்தை."

"ஏன்? முப்பத்தி மூணுதானே இருக்கு." குடுவையை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடியைப் போட்டார். எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. "இதுக்கா கண்ணை மூடினீங்க? நான் என் வாழ்க்கையில கோடிப் பாட்டில் பாத்தவ" என்றார்.

அதற்கப்புறம் பயம் போயிற்று. நாளுக்கு இரண்டு முட்டை, கோழி சூப், இரும்புச் சத்து மாத்திரை, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அறைக்குள் நடை என்று மாமியார் அவரைப் பட்டையில் ஏற்றி ஓட்டினார். ஏழாம் நாள் காரணமே இல்லாமல் அவருக்கு அழுகை வந்தது. வலி கூட இல்லை. குனிந்த முதுகோடு நாற்காலியில் உட்கார்ந்து தேம்பினார். மாமியார் எட்டிப் பார்த்தார். உள்ளே வரவில்லை. கூடத்தில் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். பத்து நிமிடம் கழித்துச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "சூப் சுட வைக்கட்டுமா மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

ஒன்பதாம் நாள் மதியம் வாசல் மணி அடித்தது. இரண்டு கை நிறையப் பழத்தோடு மெயினாஃப் நின்றார்.

இவருக்கு எழுந்து ஓடவும் வழியில்லை. போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். மெயினாஃப் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னடா இது, இப்படிச் சுருண்டு கிடக்கிறே? நான் நாலாம் நாள் நேரா நடந்தேனே. எந்தப் பக்கம்? இடதா, வலதா?"

"ரெண்டு பக்கமும்ண்ணே."

"ரெண்டு பக்கமுமா! அதான். வலை வச்சுத் தச்சாங்களா?"

"ம்..."

"எத்தனை தையல்? எனக்கு இவ்வளவுதான்" என்று மெயினாஃப் சுட்டுவிரலில் பாதியைக் காட்டினார். அப்போது போர்வைக்கு அடியிலிருந்து ஒரு குடுவை நழுவி வெளியே தொங்கியது. "இது என்னது, கையெறி குண்டு மாதிரி? எனக்கு இதெல்லாம் வைக்கலையே!"

தேநீரோடு வந்த மாமியாருக்கு விஷயம் எதுவும் தெரியாது. விருந்தாளிக்குத் தெளிவாக விளக்க வேண்டும் என்ற நல்லெண்ணம் மட்டும் இருந்தது. "அது தோலுக்கு அடியில ஊறுற தண்ணி வெளிய வர்றதுக்கு. இடுப்பைச் சுத்தி எடுத்திருக்காங்க இல்ல? தோல் மட்டுமே நாலு கிலோ இருநூறு. தையல் இங்கேருந்து இப்படியே சுத்தி இது வரைக்கும்" என்று தன் இடுப்பிலேயே கோடு போட்டுக் காட்டினார். "குண்டா இருந்து இளைச்சவங்களுக்கு இப்படிப் பண்ணுவாங்களாம். பிளாஸ்டிக் சர்ஜரி."

மெயினாஃப் தேநீரை வாங்கினார். குடிக்கவில்லை.

"அப்ப குடலிறக்கம்?" என்றார் இவரைப் பார்த்து.

"இல்லண்ணே."

"சர்க்கரை?"

"அதுவும் இல்ல."

மாமியார் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார்.

"சிரிப்பீங்கன்னு நெனச்சேன்ண்ணே. எல்லாரும் சிரிப்பாங்கன்னு."

"சிரிச்சிருப்பேன்" என்றார் மெயினாஃப். "ஒரு வாரம் சிரிச்சிருப்பேன். அப்புறம் உன் பெட்டியை நீயே தூக்கியிருப்பே. மூணு மாசம், ரெண்டு பெட்டிடா. என் முதுகு எனக்குத்தான் தெரியும்." தேநீரைக் கீழே வைத்தார். "அது கூடப் போகட்டும். மேலேருந்து நீ 'ஆஃப்'னு ஒரு வார்த்தை சொல்றே. நான் பாக்காம கையை உள்ள விடுறேன். பதினொரு வருஷமா விடுறேன். இனிமே எப்படி விடுறது?"

மெயினாஃப் எழுந்தார். போகும்போது சமையலறைப் பக்கம் திரும்பி, "வர்றேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பழம் மேஜை மேலேயே இருந்தது. இரண்டு நாள் யாரும் அதைத் தொடவில்லை.

"என்னால வந்துச்சா மாப்பிள்ளை?" என்று மாமியார் கேட்டார்.

"இல்ல அத்தை. என்னாலதான்."

பதினோராம் நாள் குழாய்களை எடுத்தார்கள். பதினைந்தாம் நாள் காலையில் மாமியார் அவரை வெளிச்சத்தில் நிற்கச் சொல்லி, தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "இடது பக்கம் உப்பியிருக்கு."

மனைவி பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை. அவரே கண்ணாடியில் பார்த்தார். தெரியவில்லை. "வீக்கம்தாம்மா. டாக்டர் இருக்கும்னு சொன்னாங்களே" என்றாள் மனைவி.

"வீக்கம்னா ரெண்டு பக்கமும் இருக்கணும். இது கோணல். நேத்து இல்ல" என்று அந்த அம்மாள் ஒற்றைக் காலில் நின்றார். சரி, அவர் திருப்திக்காகப் போய் வருவோம் என்று போனார்கள். டாக்டர் இரண்டு விரலால் தட்டினார். உள்ளே தண்ணீர்ப் பை மாதிரி அலை அடித்தது. ஊசி போட்டு உறிஞ்சினார். தொண்ணூறு மில்லி. அடியில் நீர் தேங்குவது இந்த ஆப்பரேஷனில் சகஜம்தான், ஆனால் விட்டுவைத்தால் சீழ் பிடித்துத் தையலைத் திறந்துவிடும் என்றார். "யார் கவனிச்சது?"

"எங்க அத்தை."

"அவங்களை இங்க வேலைக்கு அனுப்ப முடியுமா?" என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல், "சிகரெட்?" என்றார்.

"பிடிக்கல டாக்டர். ஆனா ஒரு வாரமா பிடிக்கணும் பிடிக்கணும்னு இருக்கு. நேத்து மனைவிகிட்ட கேட்டே விட்டேன்."

டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். "கேக்காததையும் சேத்துச் சொல்றீங்களே" என்றார்.

அந்த இடத்தில் இன்னும் மூன்று முறை ஊசி போட வேண்டியிருந்தது. பிறகு நீர் ஊறுவது நின்றது. மாமியார் மாதக் கடைசியில் ஊருக்குக் கிளம்பினார். மனுஷன் மெல்ல மெல்ல நிமிர்ந்தார். ஐந்தாம் வாரம் வாசலில் நின்று எதிர் வீட்டின் மாடியைப் பார்க்க முடிந்தது.

இரண்டு மாத லீவு முடிந்து கம்பெனிக்குப் போன அன்று, தேநீர் இடைவேளையில் எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்று சொன்னார். குடலிறக்கம் இல்லை, தொங்கின தோலை எடுத்தேன், நாலு கிலோ இருநூறு, இடுப்பைச் சுற்றித் தையல். ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அப்புறம் சிரிப்புக் கிளம்பியது. "அப்ப மிச்சம் எத்தனை பேர்?" என்று ஒருவர் கேட்டார். "அந்தத் தோல்ல எனக்கு ஒரு பர்ஸ் தச்சுக் குடுத்திருக்கலாமே" என்றார் இன்னொருவர். அவர் எதிர்பார்த்தது அத்தனையும் வந்தது. ஆனால் எதிர்பார்த்த அளவு வலிக்கவில்லை. தையலில்தான் வலித்தது, கூடச் சேர்ந்து சிரித்ததால். மெயினாஃப் மட்டும் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வெளியே போனார்.

சூப்பர்வைசர் மறுபடி அதே ஜோடியாகத்தான் போட்டார். முதல் நாள் பழைய அலுவலகக் கட்டடம் ஒன்று. வண்டியிலிருந்து இறங்கியதும் மெயினாஃப் தன் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தார். இவர் ஓடிப்போய், "அண்ணே, இன்னும் நாலு வாரம் அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார்.

"இப்ப நிஜமாவா?"

"நிஜமா."

"எழுதிக் குடுத்திருக்காங்களா?"

சட்டைப் பையிலிருந்து டாக்டர் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். மெயினாஃப் மூக்குக் கண்ணாடியை மாட்டி, முதல் வரியிலிருந்து கையெழுத்து வரைக்கும் படித்தார். தேதியைப் பார்த்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு இரண்டாவது பெட்டியையும் தூக்கிக்கொண்டார்.

மெஷின் ரூமில் இவர் சுவிட்சை அணைத்து, "ஆஃப்" என்று குரல் கொடுத்தார். கீழே சத்தமே இல்லை. சிறிது நேரத்தில் ஏணியில் காலடி கேட்டது. மெயினாஃப் மூச்சு வாங்க ஏறி வந்து, சுவிட்சைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி ஏழு மாடி இறங்கிப் போனார். அடுத்த கட்டடத்திலும் அப்படியே. அந்த வாரம் முழுக்க அப்படியே. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இவருக்கு இருந்தது.

இரண்டாவது வாரம் இவர் கடைக்குப் போய் இரண்டு சின்னப் பூட்டு வாங்கி வந்தார். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மெயின் சுவிட்ச் கைப்பிடியில் பூட்டுப் போட ஓட்டை உண்டு. கம்பெனி விதியில் கூட இருக்கிறது, யாரும் செய்வதில்லை.

"இது எதுக்கு?" என்றார் மெயினாஃப்.

"ஆரம்பிக்கும்போது ரெண்டு பேரும் ஏறி வருவோம். ஆஃப் பண்ணிட்டு நான் ஒண்ணு பூட்டுறேன், நீங்க ஒண்ணு பூட்டுங்க. உங்க சாவி உங்க பையில. நீங்க வந்து திறக்காம யாராலயும் ஆன் பண்ண முடியாது. நான் என்ன சொன்னாலும் சரி."

மெயினாஃப் நீலப் பூட்டை எடுத்து இழுத்துப் பார்த்தார். "பதினொரு வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கணும் இதை" என்றார். பூட்டினார். சாவியைப் பையில் போட்டார். அன்று பூட்ட ஒரு தடவை, திறக்க ஒரு தடவை, அவ்வளவுதான் ஏழு மாடி ஏறினார்.

பன்னிரண்டாம் வாரம் இவர் தன் பெட்டியைத் தானே தூக்கினார். அதற்கப்புறம் ஒரு மதியம், மெஷின் ரூமில் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவிட்டு மெயினாஃப் சாதாரணமாகக் கேட்டார். "தொப்புளை எங்க வச்சிருக்கானுங்க?"

"பழைய இடத்துலதான்."

"எங்க, காட்டு."

சட்டையைத் தூக்கினார். கயிற்றில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கிற அதே கண்ணால் மெயினாஃப் தையல் கோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "தொட்டா வலிக்குமா?"

"கோட்டுக்கு மேல உணர்ச்சியே இல்லண்ணே. ஒரு வருஷம் ஆகும்னாங்க. சில இடத்துல வராமலே போகலாமாம்."

மெயினாஃப் ஸ்க்ரூடிரைவரைத் திருப்பி, பிளாஸ்டிக் பிடியால் மெதுவாகக் குத்தினார். "தெரியுதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

ஓரம் பக்கம் நகர்த்திக் குத்தினார். "இங்க?"

"லேசா. தண்ணி படுற மாதிரி."

"அப்ப வந்துகிட்டிருக்கு" என்றார் மெயினாஃப். ஸ்க்ரூடிரைவரைப் பையில் செருகிக்கொண்டு எழுந்தார். "சரி, சட்டையை இறக்கு. நாலாவது மாடிக் கதவு இன்னும் இடிக்குது."

இருவரும் ஏணியில் இறங்கினார்கள்.